ஒன்று தசம் ஒன்று

என் குழுவில் பதினொரு பேர்.
கீழ்ப்பெட்டிக்குப் பத்து வீதம் என்று
தலைமையகத்திலிருந்து வந்திருக்கிறது.
பதினொன்றில் பத்து வீதம்
ஒன்று தசம் ஒன்று.
"ஒருவர் போதும், தசத்தை விடுங்கள்" என்கிறாள்
ஆளணிப் பிரிவு ரெகுலா.
தாராள மனசு.

வின்டர்தூர். நவம்பர். நாலரைக்கே கண்ணாடியில்
வெளியைக் காணவில்லை, எங்கள் முகங்கள்தான்:
ஆறு குழுத்தலைவர்கள், ஒரு தட்டு சொக்லேட்,
திரையில் அந்த வளைகோடு.
நடுவில் பருத்து ஓரம் மெலிந்த மணி.
நாக்கில்லாத மணி.
அதன்மேல் என் ஆட்களை ஏற்றி இருத்தவேண்டும்.
ஒருவரும் சறுக்காவிட்டால்
நான் ஏற்றியது பிழை.

படிவத்தின் தலைப்பு ஜெர்மனில் இரண்டு முழம்.
மனசுக்குள் தமிழாக்கிப் பார்த்தேன்,
வேண்டாத வேலை.
வந்து நின்றது:
தரப்படுத்தல்.

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரு வருசம் உண்டு.
பெரியப்பா எடுத்த புள்ளி உண்டு,
அதற்கும் வெட்டுப்புள்ளிக்கும் நடுவே ஓர் ஏழு.
டொக்டராகாத அவர் ஓல்டன் தபால் நிலையத்தில்
இருபத்திரண்டு வருசம்
மாவட்டவாரியாகக் கடிதம் பிரித்தார்.
சாப்பாட்டு நேரத்தில் அந்தச் சொல் வந்தால்
கரண்டி பாதியில் நிற்கும்.
இப்போது அது என் எக்செலில் ஒரு நிரல்.

பெஸ்னிக் நாளுக்கு நாற்பது கோப்பு.
லடீனா நாற்பத்திரண்டு, பாதி வீட்டிலிருந்து,
மடியில் பல் முளைக்கும் பிள்ளையோடு.
ஸ்கிராகன் இருபத்தாறு.
வெள்ளச் சேதம் பார்ப்பவள்,
ஒவ்வொரு பக்கத்தையும் இருதரம் படிப்பவள்.

உண்மையைச் சொல்கிறேன்,
இருபத்தாறுக்காக இல்லை.
எல்லோர் முன்னாலும் என் வேற்றுமை உருபைத் திருத்துவாள்.
தமிழில் நான்காவது,
அவர்கள் கணக்கில் அது மூன்றாவது.
வேற்றுமைக்குக்கூட இடம் போட்டு வைத்த மொழிகள்.
அவள் பெயரில் சுட்டி நின்றபோது
என் கை நடுங்கவில்லை.

ரெட்டோ பேரம் பேசினான்:
"என் ஃபாபியானை நடுவில் விடு,
உன் லடீனாவை மேலே தூக்குகிறேன்."
விட்டேன். தூக்கினான்.
மீன் ஏலத்தில்கூட மீனைத் தூக்கிக் காட்டுவார்கள்.

எங்களுக்கும் மேல்மாடியில் ஒரு வளைகோடு இருக்கிறதாம்.
ஆறில் பத்து வீதம் தசம் ஆறு.
அரையைத் தாண்டினால் ஒன்று
என்கிறாள் ரெகுலா,
சொக்லேட் தாளைச் சின்னதாய் மடித்தபடி.
அதன்பிறகு ஒருவரும் தட்டில் கை வைக்கவில்லை.

வியாழன் பத்து மணி.
தாளை ஸ்கிராகனிடம் நீட்டினேன்.
இருதரம் படித்தாள்.
மூன்றாம் வரியில் பென்சிலால் ஓர் உருபைத் திருத்தினாள்.
பிறகு கேட்டாள்:
"பதினொரு பேர். மீதித் தசம் ஒன்று
யாருடைய கணக்கில்?"

நான் தண்ணீர் குடித்தேன்.
கையெழுத்திட்டாள், திகதியோடு.

வெள்ளி அவள் முடித்தது முப்பத்தெட்டு.
திங்கள் நாற்பத்தொன்று.
ரெகுலா பச்சை அம்புக்குறி அனுப்பியிருந்தாள்.
எந்தப் பக்கத்தை ஒருதரம் மட்டும் படித்தாள்,
எதைத் திறக்கவே இல்லை
என்பதற்கு நிரல் கிடையாது.
யாரோ ஒருவரின் நிலவறையில்
முழங்கால் மட்டும் தண்ணீர் நின்றதைச் சொன்ன
பக்கமாகவும் இருக்கலாம்.

நேற்றுக் கூட்டத்தில்
நான்காம் வேற்றுமையைப் பிழையாகப் போட்டேன்.
கொஞ்சம் நிறுத்தியும் பார்த்தேன்.
அவள் குனிந்து
ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள்.